கேலக்ஸித் திரட்சி அளவீடு: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் முதுநிலை இயற்பியல் படிக்கும் மாணவர்கள் சிலர், ஆய்வேட்டுக்காகத் தொலைதூரக் கேலக்ஸிகளின் திரட்சியை அளந்து, அதிலிருந்து அவை குடியிருக்கும் கரும்பொருள் ஹாலோக்களின் (கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் திரள்களின்) நிறையைக் கணக்கிட முன்வருகிறார்கள். ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வின் தரவுகள் எவரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் இருப்பதால், நல்ல மடிக்கணினி ஒன்றும் பைத்தான் பழக்கமும் இருந்தாலே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் ஆய்வேடு ஒப்படைக்கும் மாதம் நெருங்கும்போது அவர்கள் கொண்டுவரும் வரைபடங்களில் ஒரே வகைக் கோளாறுகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. வரைபடத்தின் வடிவமே பெரும்பாலும் கோளாறு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும் என்பதால், கீழே உள்ளவற்றை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். இருபுள்ளி ஒட்டுறவுச் சார்பு, அதாவது ஒரு குறிப்பிட்ட தொலைவில் கேலக்ஸி இணைகள் தற்செயலாக இருக்கக்கூடியதைவிட எவ்வளவு மிகுதி என்பதைச் சொல்லும் அளவு, உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

ரேண்டம் பட்டியலிலிருந்து (தரவின் வான்பரப்பிலேயே தற்செயலாகத் தூவிய புள்ளிகளின் பட்டியல்), உங்கள் கேலக்ஸிகளின் எண்ணிக்கைக்குச் சமமான புள்ளிகளைப் பிரித்தெடுத்து, அவற்றையே கேலக்ஸிகள் என்று வைத்து, மீதமுள்ளவற்றை ரேண்டமாகக் கொண்டு முழு நிரலையும் ஓட்டுங்கள். விடை எல்லாத் தொலைவிலும் பிழை எல்லைக்குள் சுழியமாக இருக்க வேண்டும். சுழியம் வரவில்லை என்றால் கோளாறு நிரலில் இருக்கிறது. தரவைத் தொடவே வேண்டாம். சுழியம் வந்துவிட்டால் இணைகளை எண்ணும் பகுதி சரி. இனித் தரவையும் ரேண்டம் பட்டியலையும் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் கொண்டுவரப்படும் வரைபடத்தை நான் பார்ப்பதில்லை. அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலை பல வாரத் தேடலை மிச்சப்படுத்தும்.

அறிகுறி 1: பெருந்தொலைவில் ஒட்டுறவு சுழியத்துக்கு இறங்காமல் ஒரே உயரத்தில் நின்றுவிடுகிறது

அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

*0.8 அருகே நின்றால்.* இணை எண்ணிக்கைகளை இயல்பாக்காமலேயே லாண்டி–சாலே சூத்திரத்தில் இட்டிருக்கிறீர்கள். (டிடி − 2 டிஆர் + ஆர்ஆர்) ÷ ஆர்ஆர் என்னும் 1993-ஆம் ஆண்டின் அந்தச் சூத்திரத்தில் (டிடி கேலக்ஸி–கேலக்ஸி இணைகள், டிஆர் கேலக்ஸி–ரேண்டம் இணைகள், ஆர்ஆர் ரேண்டம்–ரேண்டம் இணைகள்) ஒவ்வோர் எண்ணிக்கையையும் அதற்குரிய மொத்த இணைகளால் வகுத்த பிறகே இட வேண்டும். 20,000 கேலக்ஸிகளும் 4,00,000 ரேண்டம் புள்ளிகளும் இருந்தால், டிடி-யை 19,99,90,000 ஆலும், டிஆர்-ஐ 800 கோடியாலும், ஆர்ஆர்-ஐ ஏறத்தாழ 8,000 கோடியாலும் வகுக்க வேண்டும். வகுக்காமல் விட்டால் ரேண்டம் 20 மடங்கு இருக்கும்போது விடை 0.80 என்ற அளவிலும், 10 மடங்கு இருக்கும்போது 0.61 என்ற அளவிலும் போய் நிற்கும்.

*சரியாக 1-இல் நின்றால்.* உங்கள் நிரல் ஒரே பட்டியலுக்குள் எண்ணும்போது ஒவ்வோர் இணையையும் இருமுறை எண்ணுகிறது. நீங்களோ ஒருமுறை எண்ணியதாகக் கருதி வகுத்திருக்கிறீர்கள். பத்துப் புள்ளிகளை மட்டும் கொடுத்து எண்ணச் சொல்லிப் பாருங்கள்: 45 வந்தால் ஒருமுறை, 90 வந்தால் இருமுறை, 100 வந்தால் ஒவ்வொரு புள்ளியையும் அதனோடேயே இணையாகச் சேர்த்து எண்ணுகிறது. எடைகளைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கைக்குப் பதிலாக எடைகளின் கூட்டலைக் கொண்டே இயல்பாக்க வேண்டும்.

*0.01, 0.02 போன்ற சிறிய மதிப்பில் நின்றால்.* எண்ணுவதில் பிழை இல்லை. ரேண்டம் பட்டியல் உங்கள் தரவின் வான்பரப்பை ஒத்திருக்கவில்லை. தரவையும் ரேண்டத்தையும் வானப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, படத்தை நன்றாகப் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். ஒரு மாணவியின் படத்தில் பிரகாசமான விண்மீன் ஒன்றைச் சுற்றி வெட்டி நீக்கப்பட்ட வட்டத் துளை கேலக்ஸிப் புள்ளிகளுக்கு நடுவே வெறுமையாகத் தெரிந்தது. அதே துளைக்குள் ரேண்டம் புள்ளிகள் நெருக்கமாக நிரம்பிக் கிடந்தன. நீக்க வேண்டிய இடங்களைக் குறிக்கும் மாஸ்க் கோப்பைத் தரவுக்கு மட்டும் பயன்படுத்தி, ரேண்டத்துக்கு மறந்துவிட்டதன் விளைவு அது. அடுத்து, நடுவரை விலக்கம் என்னும் டெக்ளினேஷனைச் சீராகப் பரப்பி ரேண்டம் உண்டாக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சீராகப் பரப்ப வேண்டியது அந்தக் கோணத்தின் சைன் மதிப்பையே. கோணத்தையே சீராகப் பரப்பினால் 60 பாகையில் ரேண்டம் அடர்த்தி நடுவரையில் இருப்பதைப்போல இரு மடங்காகிவிடும். பிறகு தரவு, ரேண்டம் இரண்டின் செம்பெயர்ச்சிப் (தொலைவைக் காட்டும், ஒளியின் சிவப்பு நோக்கிய நகர்வு) பரவலையும் ஒரே படத்தில் வரைந்து ஒப்பிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அந்தச் சிறிய மேடு நீங்கவில்லை என்றால், நம் பால்வழியின் விண்மீன்களும் தூசும் கேலக்ஸிகளைக் கண்டறிவதைப் பாதிக்கின்றன என்று பொருள். விண்மீன் அடர்த்தி, தூசு மறைப்பு, படமெடுத்த இரவின் காற்றுத் தெளிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிராகக் கேலக்ஸி அடர்த்தியை வரைந்து பாருங்கள். கோடு சாய்வாக இருந்தால் திருத்த எடை தேவை. ஸ்லோனின் பாஸ் ஆய்வுப் பட்டியல்களில் இந்த எடை ஆயத்தமாகவே இருக்கிறது. அங்கே மொத்த எடை என்பது அமைப்புப் பிழை எடையை, (நெருக்க எடை + செம்பெயர்ச்சி தவறிய எடை − 1) என்பதால் பெருக்கியது. மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கிவிடும் தவற்றை அடிக்கடி பார்க்கிறேன். எடை வழங்கப்படாத பட்டியலாக இருந்து, சாய்வும் தெளிவாகத் தெரிந்தால் நீங்களே எடை தயாரிக்க முயல வேண்டாம். அந்த ஆய்வுக் குழுவின் உதவி முகவரிக்கு எழுதுங்கள்.

அறிகுறி 2: பெருந்தொலைவில் ஒட்டுறவு வேகமாகக் கீழிறங்கி எதிர்மதிப்பாகிறது

சிறிய வான்பரப்பில் வேலை செய்வோருக்கு, குறிப்பாகத் தொலைதூரக் கேலக்ஸிகளை ஆழமாகப் படம்பிடித்த புலங்களில், இது இயல்பு. சராசரி அடர்த்தியை அந்தப் புலத்திலிருந்தே எடுத்திருப்பதால் ஒட்டுறவின் கூட்டல் வலுக்கட்டாயமாகச் சுழியமாக்கப்படுகிறது. உண்மையான மதிப்பிலிருந்து ஒரு மாறிலி குறைந்துவிடுகிறது. ஒட்டுறவுக்கு நீங்கள் பொருத்தும் அடுக்கு விதியை ரேண்டம் இணை எண்ணிக்கைகளால் எடையிட்டுக் கூட்டி, மொத்த ரேண்டம் இணைகளால் வகுத்தால் அந்த மாறிலி கிடைக்கும். வரைபடம் நேர்கோடாகும்வரை கையால் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது அளவீடு ஆகாது. அப்படிச் செய்த அத்தியாயத்தை மீண்டும் எழுதச் சொல்ல நான் தயங்கியதில்லை.

பரப்பு பெரிதாக இருந்தும் இறங்குகிறது என்றால், ரேண்டம் புள்ளிகளுக்குச் செம்பெயர்ச்சியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சிகளையே கலைத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், பார்வைக்கோட்டுத் திசையில் உள்ள உண்மையான மேடுபள்ளங்கள் ரேண்டத்துக்குள்ளும் புகுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பரவலை மென்மையாக்கி, அதிலிருந்து செம்பெயர்ச்சிகளை எடுத்து மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு உங்கள் பிழைக்கோடுகளைவிடப் பெரிதாக இருந்தால் அதை ஆய்வேட்டில் எழுதியே ஆக வேண்டும்.

அறிகுறி 3: மிகச் சிறிய தொலைவில் வளைவு உடைகிறது

*கீழே விழுந்தால்.* கேலக்ஸிக்கு ஒன்றாக ஒளியை நிறமாலைமானிக்குக் கொண்டுசெல்லும் ஒளியிழைகளின் நெருக்கமே காரணம். ஸ்லோனின் முதன்மை ஆய்வில் ஒரே தட்டில் இரண்டு இழைகளை 55 வில்விநாடிக்கு நெருக்கமாக வைக்க முடியாது. பாஸ் ஆய்வில் அந்த எல்லை 62 வில்விநாடி. முதன்மை ஆய்வில் ஏறத்தாழ 7 விழுக்காடு கேலக்ஸிகளுக்கு இதனால் செம்பெயர்ச்சி கிடைக்கவில்லை. செம்பெயர்ச்சி 0.1-இல் 55 வில்விநாடி என்பது சுமார் 0.08 மெகாபார்செக்/எச் (எச் என்பது நூறால் வகுத்த ஹபிள் மாறிலி), செம்பெயர்ச்சி 0.5-இல் 62 வில்விநாடி என்பது சுமார் 0.4 மெகாபார்செக்/எச். உங்கள் வளைவு விழும் இடம் இந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால், செலவில்லாத தீர்வு அந்தத் தொலைவுக்குக் கீழே உள்ள புள்ளிகளை விட்டுவிடுவது. அடுத்த நிலை, அண்டைக் கேலக்ஸியின் செம்பெயர்ச்சியைக் கொடுப்பது அல்லது அதன் எடையைக் கூட்டுவது. ஒரு ஹாலோவுக்குள் உள்ள துணைக் கேலக்ஸிகளே உங்கள் ஆய்வுப்பொருள் என்றால் இவை போதா. 5,000 ரோபோ இழைகளைக் கொண்ட டெசி ஆய்வின் தரவில் ஒவ்வோர் இணையும் நோக்கப்பட்டிருக்கக்கூடிய நிகழ்தகவைக் கொண்டு எடையிட வேண்டியிருக்கும். அந்த இடத்தில் அனுபவமுள்ள ஒருவரின் துணை இல்லாமல் இறங்க வேண்டாம்.

*செங்குத்தாக மேலே போனால்.* ஒரே கேலக்ஸி பட்டியலில் இரண்டு முறை இருக்கிறது. அல்லது பெரிய சுருள் கேலக்ஸி ஒன்றைப் படப் பகுப்பு நிரல் துண்டுதுண்டாக்கித் தனித்தனிப் பொருள்களாகப் பதிந்திருக்கிறது. 3 வில்விநாடிக்குள் உள்ள இணைகளைப் பட்டியலிட்டு, முதல் இருபதின் படங்களைக் கண்ணால் பாருங்கள். பார்த்தவுடன் விளங்கிவிடும்.

அறிகுறி 4: வடிவம் சரி, ஆனால் திரட்சி நீளம் பொருந்தவில்லை

நமக்கு அண்மையில் உள்ள, இயல்பான ஒளிர்வுடைய கேலக்ஸிகளுக்குத் திரட்சி நீளம் (ஒட்டுறவு 1 ஆகும் தொலைவு) சுமார் 5 மெகாபார்செக்/எச், சாய்வு சுமார் 1.8 என்று வர வேண்டும். 7 வந்தால் எச் என்னும் ஹபிள் அளவையால் ஒருமுறை கூடுதலாக வகுத்திருக்கிறீர்கள், 3.5 வந்தால் ஒருமுறை கூடுதலாகப் பெருக்கியிருக்கிறீர்கள். செம்பெயர்ச்சி 3 அருகே எதிர்பார்த்ததில் கால் பங்கு வந்தால், உடன்விரியும் தொலைவுக்குப் (இன்றைய அண்ட அளவில் சொல்வது) பதிலாக இயல் தொலைவைப் (அன்றைய அளவில் சொல்வது) பயன்படுத்தியிருக்கிறீர்கள். நிரல் செம்பெயர்ச்சியைக் கேட்கிறதா, ஒளிவேகத்தால் பெருக்கியதைக் கேட்கிறதா, தொலைவையே கேட்கிறதா என்பதை ஆவணத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். பாகை, ரேடியன் குழப்பமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நிபுணரை அழைக்கும் நிலை இந்த அறிகுறியில் வருவதில்லை.

திரட்சி நீளம் பத்து விழுக்காடு மட்டும் குறைந்தால் வேறு காரணம் உண்டு. பட்டியலில் பத்தில் ஒரு பங்கு விண்மீன்கள் கலந்திருந்தால் ஒட்டுறவு 0.81 மடங்காகும், திரட்சி நீளம் ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். நிறப்பட்டைகளைக் கொண்டு தொலைக்கேலக்ஸிகளைத் தேர்ந்தெடுப்போர் இந்தக் கலப்பைக் கட்டாயம் மதிப்பிட வேண்டும்.

அறிகுறி 5: வீழல் ஒட்டுறவு எல்லையை மாற்றும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது

வீழல் ஒட்டுறவு என்பது பார்வைக்கோட்டுத் திசையில் ஒட்டுறவைக் கூட்டிப் பெறுவது. 40 முதல் 60 மெகாபார்செக்/எச் வரை கூட்டுவது வழக்கம். 40-க்கும் 60-க்கும் இடையில் விடை சிறிதே மாறினால் கவலை இல்லை. பெரிதும் மாறினால் உங்கள் செம்பெயர்ச்சிகள் நிறமாலையிலிருந்து வந்தவையா, நிறங்களிலிருந்து மதிப்பிட்டவையா என்று பாருங்கள். செம்பெயர்ச்சி 1-இல் 0.05 என்ற பிழையே பார்வைக்கோட்டில் சுமார் 85 மெகாபார்செக்/எச் ஆகிவிடுகிறது; அதாவது நீங்கள் கூட்டும் எல்லையைவிடப் பிழை பெரிது. அத்தகைய தரவுக்கு வீழல் ஒட்டுறவை விட்டுவிட்டுக் கோண ஒட்டுறவை அளந்து, செம்பெயர்ச்சிப் பரவலைக் கொண்டு லிம்பர் சமன்பாட்டால் முப்பரிமாண ஒட்டுறவாக மாற்றுங்கள். அந்தப் பரவலின் அகலம் தவறாக இருந்தால் திரட்சி நீளமும் நேரடியாகத் தவறும் என்பதால், ஒப்பிட்டுச் சரிபார்க்க நிறமாலை மாதிரி எதுவும் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி வழிகாட்டியைக் கேளுங்கள்.

அறிகுறி 6: ஒட்டுறவு சரி, ஹாலோ நிறை நம்ப முடியாததாக இருக்கிறது

மாணவர்கள் மிகவும் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். அளவீடு முழுவதும் சரியாக முடிந்த பிறகு, கடைசி வரியில் ஒரு கேலக்ஸிக்குக் கேலக்ஸிக் கொத்து ஒன்றின் நிறையான கோடி கோடி சூரிய நிறை வந்து நிற்கும். அல்லது ஒரு குள்ளக் கேலக்ஸியின் நிறை வரும்.

முதலில், எந்தத் தொலைவில் பயாஸை (கரும்பொருளைவிடக் கேலக்ஸிகள் எத்தனை மடங்கு திரண்டிருக்கின்றன என்ற அளவு; இதிலிருந்தே ஹாலோ நிறை கிடைக்கிறது) எடுத்தீர்கள்? கேலக்ஸி ஒட்டுறவைக் கரும்பொருள் ஒட்டுறவால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பது, ஓர் இணையின் இரு கேலக்ஸிகளும் வெவ்வேறு ஹாலோக்களில் இருக்கும் தொலைவுகளுக்கே பொருந்தும். நம் ஊரின் பெரிய வீடு ஒன்றில் பல புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், ஒரே வளவைச் (உள்முற்றத்தை) சுற்றித் தனித்தனி அறைகளில் குடியிருப்பதுபோல, ஒரு பெரிய ஹாலோவுக்குள் பல கேலக்ஸிகள் குடியிருக்கின்றன; ஒரே வீட்டுப் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவை அளந்துவிட்டு, ஊரில் வீடுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்குள் இருந்து வீட்டுக்கு வெளியே போகும் அந்த மாற்றம் 1 முதல் 2 மெகாபார்செக்/எச் அருகே நிகழ்கிறது. அதனால் அண்மைக் கேலக்ஸிகளுக்கு 5 மெகாபார்செக்/எச்-க்கு மேலேயே பயாஸை எடுங்கள்.

இரண்டாவது, செம்பெயர்ச்சி வெளியில் (செம்பெயர்ச்சியையே தொலைவாகக் கொண்டு) அளந்த ஒட்டுறவை அப்படியே வகுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். கேலக்ஸிகளின் பாய்ச்சல் பெருந்தொலைவில் ஒட்டுறவைக் கூட்டிக் காட்டும் என்பதைக் கைசர் 1987-இல் எழுதினார். பாய்ச்சலின் வலுவைக் குறிக்கும் பீட்டா 0.5 என்றால் பெருக்கம் 1.38, பயாஸ் 18 விழுக்காடு உயர்ந்துவிடும். வீழல் ஒட்டுறவைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

மூன்றாவது, கரும்பொருள் ஒட்டுறவை எந்தச் செம்பெயர்ச்சிக்கு எடுத்தீர்கள்? செம்பெயர்ச்சி 3-இல் கரும்பொருள் மேடுபள்ளங்களின் வளர்ச்சிக் காரணி இன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒட்டுறவோ பத்தில் ஒரு பங்கு. இன்றைய கரும்பொருளால் வகுத்தால் 3 என்று வர வேண்டிய பயாஸ் 1 என்று வந்து, பேரடர்த்தியான இடங்களில் உருவான அந்தக் கேலக்ஸிகள் மிகச் சாதாரணமானவைபோல் தோன்றும். செம்பெயர்ச்சி 3 அருகே உள்ள லைமன் முறிவுக் கேலக்ஸிகளுக்குத் (புறவூதா ஒளி திடீரென அறுபடுவதைக் கொண்டு கண்டறியப்படுபவை) திரட்சி நீளம் 4 மெகாபார்செக்/எச் அருகே அளக்கப்பட்டிருக்கிறது. இன்றைய கேலக்ஸிகளின் திரட்சி நீளத்தைவிட அது அவ்வளவு குறைவில்லை. கரும்பொருள் அவ்வளவு மென்மையாக இருந்த காலத்தில் இப்படித் திரண்டிருப்பதே அவற்றின் சிறப்பு. இதை ஒரு மாணவர் தம் கையால் கணக்கிட்டுக் காணும்போது ஏற்படும் நிறைவுக்காகவே இந்தப் பிழையைத் திருத்த எவ்வளவு நேரம் ஆனாலும் நான் உட்காருவேன்.

நான்காவது, நிறையின் வரையறை. சராசரி அடர்த்தியைப்போல 200 மடங்கா, மாறுநிலை அடர்த்தியைப்போல 200 மடங்கா என்பதைப் பொறுத்து அண்மை ஹாலோக்களின் நிறை சில பத்து விழுக்காடு மாறும். டிங்கரும் குழுவினரும் 2010-இல் தந்த பயாஸ் சூத்திரத்தை ஒரு வரையறையிலும் ஒப்பிடும் கட்டுரையை வேறு வரையறையிலும் வைத்துக்கொண்டு பொருந்தவில்லை என்று வருந்த வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நிறையின் பிழை எல்லை மிக அகலமாக இருந்தால், அது உங்கள் பிழையாக இல்லாமலும் இருக்கலாம். இன்றைய காலத்தில் ஒரு லட்சம் கோடி சூரிய நிறைக்குக் கீழே பயாஸ் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை என்பதால், பயாஸில் உள்ள சிறிய பிழையும் நிறையில் பன்மடங்காக விரியும். அப்போது கேலக்ஸிகளின் எண்ணடர்த்தியைத் துணைக்கு அழையுங்கள். நீங்கள் கண்ட நிறைக்கு மேலே உள்ள ஹாலோக்கள் உங்கள் கேலக்ஸிகளைவிடக் குறைவாக இருந்தால், ஒரு ஹாலோவில் ஒன்றுக்கு மேற்பட்ட கேலக்ஸிகள் இருக்க வேண்டும் அல்லது நிறை மிகையாக வந்திருக்கிறது.

அறிகுறி 7: ஹாலோ குடியிருப்பு மாதிரி பொருந்த மறுக்கிறது

ஹாலோ குடியிருப்பு மாதிரி என்பது எந்த நிறையுள்ள ஹாலோவில் எத்தனை கேலக்ஸிகள் இருக்கும் என்று சொல்வது. பொருத்தத்தின் தரத்தைக் காட்டும் கை வர்க்க மதிப்பு மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் மாதிரியை மாற்றுவதற்கு முன், தொலைவுக் கட்டங்களின் பிழைகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் கோவேரியன்ஸ் அணியைப் பாருங்கள். ஜாக்நைஃப் பகுதிகள் (ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மீண்டும் அளக்கும் வான்பகுதிகள்) தொலைவுக் கட்டங்களைவிடக் குறைவாக இருந்தால் அந்த அணியைத் தலைகீழாக்கவே முடியாது. சற்றே அதிகமாக இருந்தாலும் தலைகீழ் அணி மிகையாகவே வரும். 50 தனித்த மாதிரிகளும் 20 கட்டங்களும் இருந்தால் ஹார்ட்லப் திருத்தம் 28/49, அதாவது 0.57, பிழைகளின் வர்க்கத்தை அந்த அளவுக்குக் குறைத்து மதிப்பிட்டிருப்பீர்கள். ஜாக்நைஃப் பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இந்தத் திருத்தத்தை ஒரு வழிகாட்டியாகவே கொள்ளுங்கள். கட்டங்களைக் குறைப்பதே எளிய வழி.

துணைக் கேலக்ஸிகளுக்கான நிறை எல்லையும் அடுக்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடினால், எண்ணடர்த்தியையும் பொருத்தத்தில் சேருங்கள். அல்லது அடுக்கை 1 என்று நிலைநிறுத்துங்கள். அதன் பிறகும் ஒரே நிறையுள்ள ஹாலோக்களில் உங்கள் கேலக்ஸிகள் ஒரு வகையை மட்டும் விரும்புவதுபோல் தெரிந்தால், ஹாலோ உருவான காலமும் திரட்சியைத் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்குள் நுழைகிறீர்கள். அதற்குப் பெரிய கணினி உருவகங்கள் தேவை. புனேயின் அயூகா வானியல் மையத்தில் ஹாலோக்களைப் பற்றி வேலை செய்பவர்களை உங்கள் வழிகாட்டி மூலம் அணுகுங்கள். பல்கலைக்கழக ஆசிரியர்கள் அங்கே சென்று தங்கி ஆய்வு செய்வதற்கான வருகைதரு இணையாளர் திட்டம் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

அறிகுறி 8: நிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, முடிவதில்லை

ரேண்டம் இணைகள் 8,000 கோடி என்று மேலே பார்த்தோம். இரண்டு ஃபார் சுழற்சிகளால் அதை எண்ண நினைக்க வேண்டாம். கார்ஃபங்க், ட்ரீகார் போன்ற, இதற்கென்றே எழுதப்பட்ட இலவச நிரல்களைப் பயன்படுத்துங்கள். பெருந்தொலைவு எல்லையைத் தேவைக்கு மேல் வைக்க வேண்டாம். ரேண்டத்தைப் பத்துப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆர்ஆர் எண்ணிச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கோப்பில் எழுதிவைத்தால், இடையில் மின்சாரம் போய் மடிக்கணினி அணைந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நிபுணருக்கு எழுதும்போது

வரைபடத்தை மட்டும் அனுப்பினால் அவரால் எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தொலைவுக் கட்டத்துக்கும் டிடி, டிஆர், ஆர்ஆர் எண்ணிக்கைகள் இயல்பாக்குவதற்கு முன்பு இருந்தபடியே ஓர் அட்டவணையாகவும், கேலக்ஸி எண்ணிக்கையும் ரேண்டம் எண்ணிக்கையும், பயன்படுத்திய எடைகளும், அண்டவியல் அளவுகளான ஒமேகா-எம், எச், சிக்மா-8 மதிப்புகளும், தரவும் ரேண்டமும் சேர்ந்த வானப் படமும், மேலே முதலில் சொன்ன ரேண்டம் சோதனையின் விடையும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.